கூடைப்பந்து கேமைத் திருத்திய கில்பர்ட் அண்ணன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் கைச்சரக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. சேர்க்கலாம் என்று பார்த்தாலும் கில்பர்ட் அண்ணன் எனக்கு இடம் விட்டால்தானே!

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் கேம் சென்டர் வைத்திருக்கிறேன். என் பெயர் பொன்பாண்டி. மேலே மூன்று டிவி, கீழே நாள் முழுக்க ஐஸ் உடைக்கிற சத்தம். மற்ற இரண்டு டிவியிலும் கார் ஓட்டுவார்கள், துப்பாக்கியால் சுடுவார்கள். மூன்றாவது டிவியில் எப்போதும் கூடைப்பந்துதான். எங்கள் ஊரில் கூடைப்பந்து ஆடுகிறவர்களும் உண்டு, ஆடாமல் அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் என் கடைக்குத்தான் வரும்.

மதுரையில் கூடைப்பந்து வீடியோ கேம் போட்டி அறிவித்திருந்தார்கள். ஒரு சென்டருக்கு ஓர் அணி, அணிக்கு மூன்று பேர். நான் சொல்லப்போகிற அன்று சாயங்காலத்துக்குள் போன் பண்ணிப் பெயர்களைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கேப்டன் ஷெர்லின். கல்லூரி அணியில் நிஜமாகவே ஆடுகிற பெண், அவள் முறைத்தால் நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். இரண்டாவது ஆள் இசக்கிராஜ். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்த்து வெளியே அனுப்பும் கிளியரிங் ஆபீசில் வேலை, எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். மூன்றாவது இடம் காலியாக இருந்தது.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கடை என்னுடையது, டிவி என்னுடையது, கரண்டு பில்லும் என்னுடையது. விளையாட்டு மட்டும்தான் எனக்கு வராது. என்னைத் தோற்கடிக்காத வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் ஒரே ஒரு தடவை வெளியூரில் போய், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து ஆடிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

எனக்குப் போட்டியாக வந்து நின்றவர்தான் கில்பர்ட் மச்சாது. கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருந்து இறங்கி வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை வேறு. அவர் நன்றாக ஆடுவார், அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் வாயைத் திறந்தால் அளப்பதற்கு ஊரில் படி போதாது.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லுங்க" என்றாள் ஷெர்லின். "உங்கள நான் ஏன் கூட்டிட்டுப் போவணும்?"

"கடை என்னுது" என்றேன். சொல்லி முடித்ததும்தான் அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தது.

கில்பர்ட் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இல்லாட்டி இந்த கேமே இல்ல பிள்ள" என்றார்.

"ஆரம்பிச்சாச்சு" என்றான் இசக்கிராஜ்.

"ஏலே இசக்கி, இந்த கேம் முந்தி எப்படி இருந்துச்சு? சொல்லு. ஆளுவ தரையில நிப்பானுவளா? எண்ணெய் கொட்டுன தரையில போற மாதிரி வழுக்கிக்கிட்டே திரிவானுவ. ஒருத்தன் இந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கம் போவான். இப்ப கால ஊணி நிக்கானா, இல்லையா?"

"நிக்கான்."

"அது யாரு காலு?"

கில்பர்ட் அண்ணன் தம் வலது காலை நீட்டி எங்கள் நடுவில் வைத்தார். ரப்பர் செருப்பு போட்ட சாதாரணக் கால். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம்.

"கப்பல்ல பிலிப்பைன்ஸ்காரனுவ சும்மா இருக்க மாட்டானுவ. டெக்குல ஒரு ரிங்க வெல்டு பண்ணி வச்சு சாயங்காலமானா பந்து போடுவானுவ. அங்கதான் நான் படிச்சது. கடல் ஆடும், கப்பல் ஆடும், ரிங்கும் ஆடும். கால ஊணலைன்னா ஆளு கடல்ல. ரிங் வலப்பக்கம் சாயும்போது நான் இடப்பக்கம் எறிஞ்சிருவேன். ரிங் பந்தத் தேடி வந்து வாங்கிக்கிடும்."

"பந்து தவறிக் கடல்ல விழுந்தா?" என்றாள் ஷெர்லின்.

"கப்பல் ஒரே ஒரு பந்துதான் வச்சிருந்துச்சு. விழுந்தா நிறுத்தி எடுப்பானா? அதான் தவறாமப் போட்டேன்."

ஷெர்லின் சரிதான் என்று தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் நான் என் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேருக்கு நின்றதாம். ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடாது என்று இந்த கேம் பண்ணுகிற கம்பெனிக்காரன் எழுதி வாங்கிக்கொண்டானாம். கப்பல்காரர்கள் கிளப்பில் அண்ணன் பந்து போடுவதை அவன் பார்த்துவிட்டு, ஆட்டம் முடிகிறவரை பொறுக்க மாட்டாமல், பாதியிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனானாம்.

"கறுப்பு உடுப்பு ஒண்ணு மாட்டி விட்டான். அதுல உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் வெள்ளை வெள்ளையாப் பொட்டு. கேப்பைப் புட்டுல தேங்காப்பூ தூவுன மாதிரி இருந்தேன். சுத்தி நூறு கேமரா. நான் அசைஞ்சா உள்ள கம்ப்யூட்டர்ல ஒருத்தன் அசைவான். 'ஆடுங்க மிஸ்டர் மச்சாது'ன்னான். ஆடுனேன். மறுநாள் அந்த கேமப் போட்டுப் பாத்தா, கோர்ட்டே ஆடுது."

"கோர்ட்டா?"

"எங்காலு கப்பல்ல பழகுன காலுல்லா? காலுக்கு ஏத்த மாதிரி தரைய ஆட்டி விட்டுட்டு கம்ப்யூட்டர். ஒரு பக்கம் தூக்குது, மறுபக்கம் இறங்குது. ஆளுவ அப்படியே சரிஞ்சு கேலரியில போய் விழுறானுவ. கேமச் சோதிச்சுப் பாக்கதுக்குன்னு சம்பளத்துக்கு உக்காந்திருந்தவன் எல்லாருக்கும் வாந்தி. கம்பெனி முழுக்க எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்தானுவ. பொறவு தரைய மட்டும் நிறுத்திட்டு எங்கால அப்படியே வச்சுக்கிட்டான். அதான் இப்ப அந்தப் பிடி."

இசக்கிராஜ் மூன்றாவது டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தினான். நம்பியதால் அல்ல. ஆனால் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான், அதை நான் கவனித்தேன்.

"இதுக்கே வாயப் பிளந்தா எப்படி? கோர்ட்டுக்குள்ள இறங்குததுக்கு முந்தி நான் என்ன செய்வேன்?"

"கோட்டத் தொட்டு நெத்தியில வைப்பீங்க" என்றாள் ஷெர்லின். "நாங்க எல்லாரும்தான் வைப்போம்."

"அதையும் கேமரா எடுத்துட்டு. எடுக்காதேன்னு நான் சொல்லல, எனக்குத் தெரியவும் தெரியாது. மறுவாரம் கேமச் சோதிச்சுப் பாக்க ஒரு மேட்ச். பத்து ஆளுவளும் உள்ள வந்தானுவ, குனிஞ்சானுவ, கோட்டத் தொட்டு நெத்தியில வச்சானுவ. நமக்குக் கண்ணு கலங்கிட்டு. சரின்னு ஆட்டம் தொடங்குனா, நடுக்கோடு வருது. பத்துப் பேரும் குனியுதான். மூணு பாயின்ட் கோடு வருது, குனியுதான். ஃப்ரீ த்ரோ கோடு, குனியுதான். கோர்ட்டு பூராக் கோடுதானே பிள்ள! ரிங்குக்குப் போறதுக்குள்ள நேரம் முடிஞ்சு பந்து அடுத்தவன் கைக்குப் போயிரும். அவன் அந்தப் பக்கம் குனிஞ்சுக்கிட்டே போவான். மேட்ச் முடியும்போது ஸ்கோரு பூஜ்யம் பூஜ்யம். எல்லாவனும் பக்தியா இருந்தான், கூடைதான் விழல."

"எடுத்துற வேண்டியதுதானே?" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எடுத்தான் மொதலாளி. நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், வேண்டாம்னு. எடுத்தான், அன்னைக்கே கம்பெனியில கரண்டு போச்சு. திரும்ப வச்சான், வந்துட்டு. பொறவு நான்தான் வழி சொன்னேன். நின்னு குனியாத, ஓடிக்கிட்டே தொடுன்னு. இப்ப கேம்ல ஆளுவ கைய இந்தா இப்படித் தரையோட தரையா இறக்கி, பந்த இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துதானே, அது என்ன?"

"அது கிராஸ்ஓவர்" என்றாள் ஷெர்லின்.

"அது அவனுவ வச்ச பேரு."

கீழே ஐஸ் மெஷின் நின்றது. சத்தம் அடங்கிய அந்த இடைவெளியில் இசக்கிராஜ் கேட்டான்: "அண்ணே, அப்ப டிஃபன்ஸ்? நம்மளத் தடுக்குற கம்ப்யூட்டர்காரன் முந்தி கரண்டுக் கம்பம் மாதிரி நிப்பான். இப்ப நம்ம போறதுக்கு முந்தி அங்க போய் நிக்கான். அதுவும் நீங்கதானா?"

கிண்டலாகத்தான் கேட்டான். கில்பர்ட் அண்ணன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்லவேள ஞாபகப்படுத்துன. கம்பெனிக்காரன் எங்கிட்ட வந்து அழுதான். 'மிஸ்டர் மச்சாது, எங்க ஆளுவளுக்கு இடம் பிடிக்கத் தெரியல'ன்னான். நான் கேட்டேன், நீ எப்பவாச்சும் திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறியிருக்கியான்னு. இல்லன்னான். அங்கதான் கோளாறு. நம்ம என்ன செய்வோம்? பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பும்போதே ஜன்னல் வழியா துண்டப் போட்டுருவோம். ஏறுதது மெதுவா ஏறிக்கிடலாம். அதை உக்காந்து சொல்லிக் குடுத்தேன். நம்ம ஊர்ல கைக்குழந்தை வச்சிருக்கவளுக்கும் தெரிஞ்சது, அவனுவ அத்தனை பேருக்கும் நோட்டுல படம் போட்டுக் காட்ட வேண்டியதாப் போச்சு."

"கேம்ல துண்டா?"

"மொத டெஸ்ட்டுல அப்படியே வந்துட்டு. ரிங்குக்கு அடியில பூராத் துண்டு. பந்தோட வாறவன் பாக்கான், துண்டு கிடக்கு. ஒதுங்கி நிக்கான். 'இங்க ஆள் வருதா?'ன்னு கேக்கான். 'வருது'ங்கான் இவன். என்ன செய்ய முடியும்? ஒருத்தன் துணிஞ்சு துண்டத் தூக்கி அந்தாப்புல வச்சுட்டு ஷாட் போட்டான். அவ்வளவுதான், ரெண்டு டீமுக்கும் சண்டை. கண்டக்டரக் கூப்பிடுன்னு கேலரியில சத்தம். கேமுக்குள்ள கண்டக்டருக்கு எங்க போவான்? கம்பெனிக்காரன் பயந்து போய் துண்டோட படத்த மட்டும் அழிச்சிட்டான். ஆனா ஒண்ணு, துண்டு கண்ணுக்குத்தான் தெரியாது. கிடக்கு."

இசக்கிராஜ் திரும்பி டிவியைப் பார்த்தான். நின்றுபோன ஆட்டத்தில் ரிங்குக்கு அடியில் கம்ப்யூட்டர்காரன் கையை விரித்துக்கொண்டு நின்றான். இசக்கிராஜ் அந்தத் தரையைக் கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பார்த்தான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இவன்தான் சுங்கத்தில் முத்திரை குத்திய பெட்டியையே மறுபடி திறந்து பார்க்கிறவன். இவனே இப்படிப் பார்த்தால் என் இடம் போனது போனதுதான். அதனால் நான் குறுக்கே விழுந்தேன். "அண்ணே, கேம்ல ஆளு ஓடஓடக் களைப்பக் காட்டுற கோடு குறையுதே. நீங்க இந்த மாடிப்படி ஏறி வந்தாலே மூச்சு வாங்குவீங்க. அதுவும் உங்க களைப்புதானா?"

"அது என் களைப்பு இல்ல" என்றார். முதல் தடவையாக ஒன்றை விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது நிலைக்கவில்லை. "முந்தி அந்தக் கோடே கிடையாது. ஆளுவ பொழுது விடிஞ்சு பொழுது அடையுறவரைக்கும் ஓடிக்கிட்டே கிடப்பானுவ. நான் எப்பக் களைக்கேன்னு பாத்து கோடு போடலாம்னு என்னை ஒரு பெல்ட்டு மேல ஓட விட்டானுவ. ஓடுனேன். மெஷின் சூடாயிட்டு, மாத்துனானுவ. அடுத்தது புகைய ஆரம்பிச்சிட்டு. நான் கப்பல் இன்ஜின் ரூம்ல கிடந்தவன், புகை பட்டா எனக்குத் தெம்பு வரும். ஓடிக்கிட்டே இருக்கேன். கடைசியில அதப் பாத்துக்கிட்டு நின்ன இன்ஜினியர் ஒருத்தன் களைச்சு மயங்கி விழுந்துட்டான். பாத்தானுவ, சரி இவன் களைச்சிட்டான்லா, இவனையே அளந்துருவோம்னு அவனுக்குக் கோடு போட்டுட்டானுவ. கேம்ல களைப்பு மட்டும் அவனுது. மத்தபடி நான்."

ஷெர்லின் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள். "சரி. இந்த மூணாவது டிவியில மட்டும் பாஸ் அமுக்குனா ஆளு பாஸ் குடுக்கவே மாட்டேங்கானே, அது?"

"அது நான்தான்."

"அது ஆடுற ரிமோட்டுல பாஸ் பட்டன் அமுங்கல அண்ணே. பொன்பாண்டி அண்ணன் மாத்தாமலே வச்சிருக்காரு."

நான் டிவி ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு" என்றார் கில்பர்ட் அண்ணன். "அது குணம். நான் யாருக்காவது பாஸ் குடுத்து நீ பாத்திருக்கியா? உடம்ப எடுத்தா குணமும் கூட வரத்தான் செய்யும். கம்பெனிக்காரன் என்னென்னவோ பண்ணிப் பாத்தான். உள்ள இருக்கவன் கேக்கல. பட்டன அமுக்குனா திரும்பி ஒரு பார்வை பாப்பானாம். பொறவு விட்டுட்டானுவ. அதுக்குப் பொறவுதான் ஆட்டம் நிஜம் மாதிரி இருக்குன்னு எல்லாரும் எழுதுனானுவ."

அவர் பாஸ் கொடுத்து யாரும் பார்த்ததில்லை என்பது உண்மை.

"ஆனா எனக்கு ஒரு நஷ்டம் ஆயிட்டு" என்று குரலைத் தாழ்த்தினார். "கப்பல் கிளம்புதுன்னு ஓடுதேன். ஏணியில கால வைக்கேன், கால் ஏற மாட்டேங்கு. எப்படி ஏறணும்னே தெரியல. எல்லா அசைவையும் அவனுவ எடுத்துக்கிட்டானுவ, எங்கிட்ட ஒண்ணும் மிச்சம் வைக்கல. ரெண்டு பேரு தூக்கிட்டுப் போய்த் திரும்பக் கம்பெனியில விட்டானுவ. ஐயா, அசலு உங்ககிட்ட இருக்கட்டும், எனக்கு ஒரு காப்பியாவது குடுங்கன்னேன். மனசு இரங்கி ஏத்தி விட்டான். வலது கால் வந்துட்டு, ரெண்டு கையும் வந்துட்டு, கழுத்தும் வந்துட்டு. இடது முட்டி ஏறிக்கிட்டு இருக்கும்போது கப்பல் ஹாரன் அடிச்சிட்டான். புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன். அதான் இந்த முட்டி இன்னும் சரியா மடங்க மாட்டேங்கு. ஊர்ல எல்லாரும் வாதம்ங்கான்."

சொல்லிவிட்டு இடது முட்டியை மெதுவாகத் தடவிக்கொண்டார். இசக்கிராஜ் எட்டி அந்த முட்டியைப் பார்த்தான்.

ஷெர்லின் எழுந்தாள். "அண்ணே, இவ்வளவு சொல்லியிருக்க வேண்டியதே இல்ல. உங்க பேரத்தான் காலையிலயே நினைச்சு வச்சிருந்தேன். இங்க உங்கள விட நல்லா ஆடுறவங்க யாரு இருக்கா? பொன்பாண்டி அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது."

கோபம் இல்லை. வருத்தம்தான். மதுரைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு புதுச் சட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். கில்பர்ட் அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் ரிமோட்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். அதைத் துடைத்த விதத்தில் அவருக்கும் அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்தது.

ஷெர்லின் மதுரைக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். போட்டி நடத்துகிறவர் எடுத்தார். நாள் முழுக்கப் போன் பேசி அலுத்த குரல். ஷெர்லின், இசக்கிராஜ், கில்பர்ட் மச்சாது என்று மூன்று பெயரையும் வாங்கிக்கொண்டார்.

"எல்லார்ட்டயும் கேக்குறதுதாங்க. மூணு பேர்ல யாராச்சும் இந்த கேம் பண்ண கம்பெனிக்கு எப்பவாச்சும் வேலை பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா ஆட முடியாது. ரூல் அது."

மூன்று பேரும் கில்பர்ட் அண்ணனைப் பார்த்தோம்.

ஷெர்லின் போனைக் கையால் பொத்தினாள். "அண்ணே, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். இதப் பத்தி நாங்க யாரும் இனிமே வாயத் திறக்க மாட்டோம்." இசக்கிராஜ்கூடத் தலையை ஆட்டினான். நான் ஆட்டவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆமாம் என்று சொல்லிவிடு அண்ணே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் டிவியைப் பார்த்தார். அப்புறம் தம் காலைப் பார்த்தார். துடைத்த ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சார், நான் கில்பர்ட் மச்சாது பேசுதேன். அந்த ரூலு எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்காகத்தான். நான் ஆடுனா மத்தவனுக்கு நியாயமா இருக்காதுன்னு நானே சொல்லிப் போட வச்சது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அண்ணே, இன்னைக்கு இதச் சொல்றதுல நீங்க மூணாவது ஆளு. நாகர்கோவில்ல ஒருத்தரு, ராமநாதபுரத்துல ஒருத்தரு. அவங்களுக்கும் உடம்பெல்லாம் பொட்டு ஒட்டுனாங்களாம். ரெண்டு பேரு பேரையும் அடிச்சிட்டேன். உங்களதையும் அடிச்சிரவா?"

ஷெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள். கில்பர்ட் அண்ணன் அசரவே இல்லை.

"என் பேர அடிங்க சார். ஆனா அந்த ரெண்டு பேரையும் பாவம், விட்டுருங்க. அவனுவ எனக்கு டூப்பு போட்டவனுவ. டூப்பு போட்டவன் ஆடலாம்."

மதுரையிலிருந்து பேனாவால் ஒரு பெயரை அழுத்தி அடிக்கிற ஓசை வந்தது. "மூணாவது பேரு யாருன்னு சீக்கிரம் சொல்லுங்கம்மா."

"பொன்பாண்டி, சார்."

"அவரு கம்பெனிக்கு வேலை பாத்தவரா?"

ஷெர்லின் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"இவரு ஆடுறதப் பாத்தீங்கன்னா உங்களுக்கு அந்தச் சந்தேகமே வராது சார்" என்றாள்.